நோட்டைத் திறந்தால் தண்ணீர் வந்தது

கம்பம் பள்ளத்தாக்கில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஓர் ஓட்டு வீடு இருந்தது. அங்கே மின்னல்கொடி என்பவர் நிரல் எழுதக் கற்றுக்கொடுத்தார். கணினி என்ன செய்ய வேண்டும் என்பதை வரிவரியாக எழுதிக் கொடுப்பதுதான் நிரல். அவருக்கு வயது முப்பத்து நான்கு. மாணவர்கள் ஆறு பேர். ஆறு பேருமே அவரைவிட மூத்தவர்கள்.

எல்லோரிலும் மூத்தவர் சடையாண்டி. அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. இருபத்தைந்து ஆண்டுகள் கல்யாணங்களுக்குப் பாத்திரம் வாடகைக்கு விட்டவர். கடையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு இங்கே வந்துவிட்டார்.

"எதுக்குண்ணே வந்தீங்க?" என்று முதல் நாள் மின்னல்கொடி கேட்டார்.

"உக்காந்து உக்காந்து அண்டாவையே பாத்தாச்சு டீச்சர். வேற எதையாச்சும் பாப்போம்னுதான்."

தோட்டத்து வால்வுகளைத் தானாகத் திறந்து மூடும் நிரல்களைத்தான் அவர்கள் எழுதினார்கள். அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. முற்றத்து உத்தரத்தில் இரண்டு மின்வால்வுகள் மாட்டியிருந்தன. மாடித் தொட்டியிலிருந்து அவற்றுக்குத் தண்ணீர் வரும். ஒவ்வொரு வால்வுக்கும் கீழே ஒரு கல். புது நிரலைத் தோட்டத்துக்கு எடுத்துப் போகும் முன் இங்கே ஓட்டிப் பார்க்க வேண்டும். ஒரு முழு நாளை ஒரு நிமிடமாகச் சுருக்கி ஓட்டுவார்கள். எந்த வால்வு திறக்கக் கூடாதோ, அதன் கீழே உள்ள கல்லில் நிரலை எழுதியவர் உட்கார வேண்டும்.

நனையாமல் எழுந்தால் நிரல் தோட்டத்துக்குப் போகலாம்.

சடையாண்டியின் முதல் வேலை ஒச்சம்மாள் தோட்டத்துக்கு. ஒச்சம்மாளிடம் இரண்டு துண்டு நிலம் இருந்தது. மேல்காட்டில் புதிதாக நட்ட இளங்கொடிகள். கீழ்காட்டில் பழுத்து நிற்கும் பன்னீர் திராட்சை. திங்கட்கிழமை குலை வெட்டு.

"பழம் கண்ணாடியாட்டம் நிக்குது தாயி," என்றார் ஒச்சம்மாள் மின்னல்கொடியிடம். "இப்பத் தண்ணி குடிச்சா வெடிச்சிரும். வெடிச்ச பழத்தை வியாபாரி தொடமாட்டான். ஈதான் வரும்."

"மேல்காட்டுக்கு?"

"அதுக்குத் தெனமும் வேணும். பச்சப்புள்ள மாதிரி. ஒரு நாள் விட்டாலும் தலையத் தொங்கப் போட்டுரும்."

அவருக்கு ஓர் அவசரம் இருந்தது. மகளுக்குப் பெரியகுளத்தில் இரண்டாவது பிரசவம். வெள்ளிக்கிழமை இரண்டு மணிப் பேருந்தில் போய்விட்டுத் திங்கட்கிழமை காலை வெட்டுக்குத் திரும்ப வேண்டும். இடையில் காட்டைப் பார்க்க ஆள் இல்லை.

"நீங்க போயிட்டு வாங்க தங்கச்சி," என்றார் சடையாண்டி. "மிஷின் பாத்துக்கும்."

"பாக்கட்டும். பாத்ததை ஒரு நோட்டுல எழுதியும் வைக்கச் சொல்லுங்கண்ணே. எந்தக் காட்டுக்கு என்னைக்குத் தண்ணி போச்சு, போகலன்னு நான் வந்து படிக்கணும்."

"அதுக்கென்ன, எழுதிட்டாப் போச்சு."

புதன்கிழமை மாலைக்குள் சடையாண்டி நிரலை எழுதி முடித்தார். எல்லாம் ஒரே கோப்பு. அறுநூறு வரிகள். முற்றத்தில் கீழ்காட்டுக்கென்று வைத்த வால்வுக்கு அடியில் போய்க் கல்லில் உட்கார்ந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டார். பக்கத்து மேசை ஜமால் பொத்தானை அழுத்தினார்.

திரையில் ஓடிய கடிகாரம் சனி காலை ஆறு மணிக்கு வந்தது.

சளக்கென்று தண்ணீர் சடையாண்டியின் உச்சந்தலையில் விழுந்தது.

"சீயக்காய் கொண்டாரவா மாமா?" என்றார் ஜமால்.

ஐந்து பேரும் சிரித்தார்கள். சடையாண்டியும் சிரித்தார். பிறகு சொட்டச் சொட்டத் திரைக்கு முன்னால் போய் நின்று நிரலைப் படித்தார். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

காலை ஆறு மணிக்குக் கணினி செய்ய வேண்டிய முதல் வேலை, நோட்டில் கீழ்காட்டுப் பக்கத்தைத் திறந்து "மூடியிருக்கிறது" என்று எழுதுவது. அதற்காக அவர் ஒரு கட்டளை எழுதி, அதற்குத் ‘திற’ என்று பெயர் வைத்திருந்தார். நாற்பது வரி தள்ளி வால்வைத் திறக்க இன்னொரு கட்டளை. அதற்கும் ‘திற’ என்றே பெயர். ஒரே பெயரை இரண்டு முறை வைத்தால், அந்த மொழியில் பின்னால் வந்ததுதான் நிற்கும். முன்னது இல்லாமல் போய்விடும்.

"மூடியிருக்குன்னு எழுதப் போயி, திறந்து விட்டுருக்கு," என்றார் ஜமால்.

"எதைத் திறக்கணும்னு அது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல டீச்சர்?" என்றார் சடையாண்டி.

மின்னல்கொடி துணிக்கொடியில் கிடந்த துண்டை எடுத்து நீட்டினார்.

சடையாண்டி தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டார். "அப்ப ஒரு பேரை ஒரே ஒரு தடவைதான் வைக்கணுமா? அறுநூறு வரிக்கே இப்படின்னா, ஆறாயிரம் வரிக்குப் பேருக்கு எங்க போறது?"

"அண்ணே, உங்க கடையில குழிக்கரண்டி எத்தனை இருந்துச்சு?"

"நூத்தியிருபது. அதுல ஒண்ணு மொட்டைக் காம்பு."

"பெரிய கல்யாணத்துக்கு உங்க கடைப் பாத்திரம் மட்டும் பத்துமா?"

"எங்க பத்தும்? மூணு கடையில எடுப்பாங்க. பொண்ணு வீட்டுப் பாத்திரமும் வந்து கெடக்கும்."

"எல்லாக் கரண்டியும் ஒரே மாதிரியா?"

"ஒரே மாதிரிதான். எல்லாம் மதுரையில ஒரே கடையில வாங்குனது."

"பந்தி முடிஞ்சதும் உங்க கரண்டியை எப்படிப் பிரிப்பீங்க?"

சடையாண்டிக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் அவமானமாகவே இருந்தது. "காம்புல ச.பா.ன்னு வெட்டியிருக்கும்ல டீச்சர்! சடையாண்டி பாத்திரக்கடை. ஒரு டம்ளரைக்கூட வெட்டாம வெளிய விட்டதில்ல."

"சமையல் நடக்கும்போது, ‘ச.பா. கரண்டியை எடு’ன்னு சமையல்காரர் கேப்பாரா?"

"அப்படி நீட்டி முழக்கிக் கேட்டா அதுக்குள்ள சாம்பார் பொங்கிருமே. கரண்டியை எடுன்னுதான் கேப்பாரு. அவரு அடுப்புக்கிட்ட அவரு கரண்டி. வெளிய போகும்போதுதான்…"

துண்டு தலையிலேயே நின்றது.

மின்னல்கொடி உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வியாழன். காலையிலேயே சடையாண்டி அறுநூறு வரிகளையும் பிரித்து வைத்தார். நோட்டு சம்பந்தப்பட்டதெல்லாம் ஒரு பக்கம், தண்ணீர் சம்பந்தப்பட்டதெல்லாம் ஒரு பக்கம். இப்படிப் பிரித்து வைக்கும் இடத்துக்குப் ‘பெயர்வெளி’ என்று புத்தகத்தில் பெயர். அந்த வீட்டில் எல்லோரும் ‘அறை’ என்றே சொன்னார்கள். ஓர் அறைக்குள் ஒரு ‘திற’ இருக்கலாம். அடுத்த அறைக்குள் இன்னொரு ‘திற’ இருக்கலாம். வெளியிலிருந்து கூப்பிடும்போது மட்டும் அறையின் பெயரைச் சொல்லி, ஒரு புள்ளி வைத்து, பிறகு கட்டளையின் பெயரைச் சொல்ல வேண்டும். நோட்டு.திற. தண்ணீர்.திற.

பிரித்து முடித்தபோது சடையாண்டிக்குப் பெருமையாக இருந்தது. தம்பிக்குப் போன் போட்டுக்கூடச் சொன்னார்.

பத்து மணிக்கு ஒச்சம்மாள் சோதனையைப் பார்க்க வந்தார். பெரியகுளம் போவதற்காகக் கட்டிய பையும் கையில் இருந்தது. தையற்கடையில் அதன் காதைத் தைக்கக் கொடுக்கப் போகிறாராம்.

"நேத்து நனைஞ்சீங்களாமேண்ணே?"

"அது நேத்து."

சடையாண்டி கல்லில் உட்கார்ந்தார். ஜமால் பொத்தானை அழுத்தினார்.

ஆறு மணி. சளக்.

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஒச்சம்மாள் ஈரத் தலையைப் பார்த்தார். வால்வைப் பார்த்தார்.

"நான் போகல," என்றார்.

"தங்கச்சி, ஒரு நிமிஷம்…"

"மக பெத்துக்கட்டும். பொம்பளைங்க பெறாததா? மூணு வருசமா வளத்த கொடிண்ணே. நான் காட்டுலயே கெடக்குறேன்."

"கீழ்காட்டு வால்வு ஒயரைப் புடுங்கி விட்டுட்டா?" என்றார் ஜமால்.

"கூடாதுன்னு சொன்னதைத் திறக்குற மிஷின், வேணும்னு சொன்னதைத் திறக்கும்னு என்ன நிச்சயம்? மேல்காட்டுப் பிஞ்சுக்கொடிக்கு யாரு பதில் சொல்றது?"

ஒச்சம்மாள் முற்றத்தின் ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். போனை எடுத்தார், பார்த்தார், மகளைக் கூப்பிடாமல் திரும்ப வைத்தார்.

மின்னல்கொடி திரையில் நிரலைப் படித்தார். அறைகள் சரியாகவே இருந்தன. ஆனால் உச்சியில் புதிதாக இரண்டு வரிகள். ‘நோட்டு’ அறையில் உள்ள எல்லாம் வெளியே வரட்டும். ‘தண்ணீர்’ அறையில் உள்ள எல்லாம் வெளியே வரட்டும்.

"இது எதுக்குண்ணே?"

"ஒவ்வொரு தடவையும் ‘நோட்டு, நோட்டு’ன்னு எழுதணும்ல டீச்சர். அம்பது எடத்துல வருது. கை வலிக்குது. மொதல்லயே எல்லாத்தையும் வெளிய கூப்பிட்டு வச்சுக்கிட்டா, ‘திற’ன்னு மொட்டையா எழுதிக்கலாம்னு…"

மின்னல்கொடி திரும்பினார். "ஜமால் அண்ணே, எல்லாருக்கும் டீ போடுங்க. ஒச்சம்மாள் அத்தைக்குச் சீனி தூக்கலா."

ஜமால் அடுப்படிக்குப் போய் அலமாரியிலிருந்து சீனி டப்பாவை எடுத்தார்.

"அதுலருந்து ஒவ்வொரு தடவையும் திறந்து திறந்து எடுக்கணும்ல, சிரமம்," என்றார் மின்னல்கொடி. "ஒரு பெரிய தட்டை எடுத்துச் சீனியை அதுல கொட்டிருங்க. பக்கத்துல உப்பு டப்பா இருக்கும், அதையும் கொட்டுங்க. அப்படியே கோலமாவையும்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான். அப்புறம் கைக்கு வாகா இருக்கும்."

ஜமால் தயங்கினார். ஆனாலும் அந்த வீட்டில் டீச்சர் சொன்னால் சொன்னதுதான். தட்டில் சீனி விழுந்தது. வெள்ளையாக ஒரு மேடு. ஜமால் உப்பு டப்பாவின் மூடியைத் திறந்து சாய்த்தார்.

"ஏய் ஏய், நிறுத்து மாப்ள!" சடையாண்டி எழுந்து ஓடிப்போய் ஜமாலின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏண்ணே?" என்றார் மின்னல்கொடி.

"கொட்டிட்டா எது எதுன்னு எப்படித் தெரியும்? டப்பாவுல இருக்குற வரைக்கும்தான் அது…"

அவர் ஜமாலின் கையிலிருந்த உப்பு டப்பாவை வாங்கி, மூடி, அலமாரியில் அதன் இடத்தில் வைத்தார். பிறகு நேராகக் கணினிக்குப் போய் உச்சியிலிருந்த இரண்டு வரிகளையும் அழித்தார். ஐம்பது இடங்களிலும் அறையின் பெயரை எழுத ஆரம்பித்தார்.

ஒச்சம்மாளுக்குச் சீனி தூக்கலாக டீ வந்தது. அவர் குடித்துவிட்டுச் சொன்னார். "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் பாக்குறேன் தாயி. அதுக்கு மேல நான் நெனைச்ச மாதிரிதான்."

வெள்ளிக்கிழமை காலையில் சடையாண்டி எல்லோருக்கும் முன்னால் வந்துவிட்டார். முந்தின நாள் நனைந்தது அவருக்கு நன்றாக உறைத்திருந்தது. இனி எந்தப் பெயரும் எந்தப் பெயரோடும் மோதவே கூடாது என்று தீர்மானித்துவிட்டார். அறைக்குள் அறை கட்டினார். அதற்குள் இன்னோர் அறை. பத்து மணிக்குள் பதினோரு அறைகள்.

கல்லில் உட்கார்ந்தார். ஜமால் பொத்தானை அழுத்தினார். மூன்று நாள் மூன்று நிமிடத்தில் ஓடியது. அவர்மேல் ஒரு சொட்டுகூட விழவில்லை.

"பாத்தீங்களா!" என்றார் சடையாண்டி.

ஒச்சம்மாள் முகம் தெளிந்தது. "நல்லாருக்குண்ணே. ஒரே ஒரு மாத்தம். நாளையிலருந்து மோட்டாருக்குத் திரீ பேஸ் கரண்டு அஞ்சு மணிக்கே வந்துருமாம், நேத்துதான் சொன்னாங்க. மேல்காட்டுக்கு ஆறு மணியை அஞ்சு மணியாக்கிக் குடுத்துருங்க. அப்படியே நான் பஸ்ஸுக்குக் கெளம்புறேன்."

"ஒரு நிமிஷ வேலை," என்றார் சடையாண்டி.

அவர் தேடினார். தோட்டம் என்ற அறைக்குள் போனார். அதற்குள் காடுகள். அதற்குள் மேல்காடு. அதற்குள் வால்வுகள். அங்கே இல்லை. வெளியே வந்தார். தோட்டத்துக்குள் நேரங்கள். அதற்குள் காலை. அதற்குள் தொடக்கம். அங்கே ஆறு என்ற எண் இருந்தது. அது நோட்டு எழுதும் நேரம். மறுபடி வெளியே வந்தார்.

இருபது நிமிடமாயிற்று. சடையாண்டியின் நெற்றி வேர்த்தது.

ஜமால் எட்டிப் பார்த்து வாய்விட்டுப் படித்தார். "தோட்டம், புள்ளி, காடுகள், புள்ளி, கீழ்காடு, புள்ளி, வால்வுகள், புள்ளி, மின்வால்வு, புள்ளி, திற. என்ன மாமா இது? கரண்டிக் காம்புல ஊர்ப் பேரு, தெருப் பேரு, பாட்டன் பேரு, முப்பாட்டன் பேரு எல்லாம் வெட்டி வச்சிருக்கீக. பிடிக்க எடமில்ல."

"நீ சும்மா இருடா மாப்ள."

மின்னல்கொடி ஒச்சம்மாளின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அத்தை, உங்க காட்டுல எத்தனை வரிசைக் கொடி?"

"மேல்காட்டுல பதினெட்டு. கீழ்காட்டுல இருவத்திரெண்டு."

"வரிசைக்கு வரிசை பேரு வச்சிருக்கீங்களா?"

ஒச்சம்மாள் சிரித்தேவிட்டார். "வரிசைக்கு எதுக்குத் தாயி பேரு? மேல்காட்டுக்குப் போன்னா ஆளு மேல்காட்டுக்குப் போயிருவான். அங்க போயி நின்னா மூணாவது வரிசைங்கிறது மூணாவது வரிசைதான்."

"அப்ப ரெண்டு காட்டுக்கும் ஏன் தனித்தனிப் பேரு? எல்லாத்தையும் ஒரே காடுன்னு வச்சிருக்கலாமே?"

"நல்லாச் சொன்ன! அங்க பிஞ்சு, இங்க பழம். ஒரே பேருன்னா வேலைக்காரன் பிஞ்சைக் கொண்டுபோயி வெட்டிருவான்."

மின்னல்கொடி சடையாண்டியின் பக்கம் திரும்பவே இல்லை. "வெயில் ஏறிருச்சு அத்தை, மோர் குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போனார்.

சடையாண்டி திரையில் விரலை வைத்து அறைகளை எண்ணினார். பிறகு ஒவ்வோர் அறையாகச் சுவரை இடிக்கத் தொடங்கினார். பதினொன்று எட்டாயிற்று. எட்டு ஐந்தாயிற்று. பன்னிரண்டரை மணிக்கு இரண்டு அறைகள்தான் மிச்சம். நோட்டு. தண்ணீர். தண்ணீர் அறைக்குள் நுழைந்ததும் மேல்காட்டு நேரம் கண்ணெதிரே இருந்தது. ஆறை அழித்து ஐந்து என்று எழுதினார்.

"மறுபடி ஓட்டணும்," என்றார் மின்னல்கொடி. "மாத்துனா ஓட்டியாகணும்."

சடையாண்டி கல்லில் போய் உட்கார்ந்தார். ஒச்சம்மாள் எழுந்து வந்து தன் பையை அவர் மடியில் வைத்தார்.

"என்ன தங்கச்சி இது?"

"பேரப்பிள்ளைக்குத் துணிண்ணே. பழைய வேட்டியைக் கிழிச்சு ஓரம் தச்சது. பதினாறு துணி. இது நனையலன்னா நான் போறேன். நனைஞ்சா காயப்போட்டுட்டு இங்கயே இருக்கேன்."

சடையாண்டி பையைப் பார்த்தார். அதைக் கைகளால் மூடிக்கொள்ளப் பார்த்தார்.

"மூடக்கூடாது," என்றார் ஒச்சம்மாள்.

அவர் கைகளை எடுத்து முழங்காலில் வைத்துக்கொண்டார்.

ஜமால் இந்த முறை வேடிக்கை பேசவில்லை. பொத்தானை அழுத்திவிட்டுத் தள்ளி நின்றார். மேல்காட்டு வால்வுக்குக் கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள்.

சனி, ஐந்து மணி. மேல்காட்டு வால்வு திறந்தது. வாளியில் தண்ணீர் விழுந்தது. மூடியது.

ஆறு மணி. சடையாண்டி கண்ணை மூடிக்கொண்டார். திரையில் ஒரு வரி வந்தது. ‘கீழ்காடு: மூடியிருக்கிறது.’

ஞாயிறு, ஐந்து மணி. வாளி. ஆறு மணி. ‘கீழ்காடு: மூடியிருக்கிறது.’

திங்கள், ஐந்து மணி. வாளி நிரம்பித் தளும்பியது. ஆறு மணி. ‘கீழ்காடு: மூடியிருக்கிறது.’

"எந்திரிக்கலாம் மாமா," என்றார் ஜமால்.

சடையாண்டி எழவில்லை. ஒச்சம்மாள் வந்து பையைத் திறந்தார். துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பதினாறையும் பார்த்தார். மடித்து உள்ளே வைத்தார்.

"பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கா?" என்று கேட்டார்.

"தோட்டத்துல மிஷினை வச்சுட்டு அப்படியே பஸ்ஸ்டாண்டுல விட்டுர்றேன் வாங்க," என்றார் ஜமால். அவரிடம்தான் வண்டி இருந்தது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒச்சம்மாள் அந்த வீட்டுக்கு வந்தார். ஒரு கையில் கற்கண்டுப் பொட்டலம். இன்னொரு கையில் ஒரு கூடைத் திராட்சை. கறுத்து, உருண்டு, மேலே வெள்ளைப் பூச்சுக் கலையாமல் இருந்தது. ஒரு பழம்கூட வெடிக்கவில்லை.

"வெட்டு நடக்குது. வியாபாரி ஒரு குலையைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பாக்குறான், குத்தம் சொல்ல ஒண்ணும் கெடைக்கல," என்றார். "நோட்டையும் படிச்சுட்டேன் தாயி. மூணு நாளும் மூடியிருக்கு, மூடியிருக்கு, மூடியிருக்குன்னு எழுதியிருக்கு. படிக்கவே சுகமா இருக்கு."

"கற்கண்டு எதுக்கு?" என்றார் ஜமால்.

"பேத்தி! சனிக்கிழமை சாயங்காலம். நான் போயிச் சேந்த மறுநாளு. அந்தப் பதினாறு துணியும் பத்தல, இன்னும் கிழிக்கணும்."

எல்லோரும் கற்கண்டை எடுத்துக்கொண்டார்கள்.

"என்ன பேரு வைக்கப் போறாங்க?" என்றார் மின்னல்கொடி.

ஒச்சம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. "ஒச்சம்மாள்னுதான். எங்க அப்பத்தா பேரும் அதான், எனக்கும் அதான். மாப்பிள்ளையே வைக்கணும்னுட்டாரு. மகதான் மொனங்குறா. ‘இந்தப் பேரை வச்சா பிள்ளையை நான் எப்படி அதட்டுறது?’ன்னு."

சொல்லிவிட்டு, வெட்டுக்காரர்களுக்குச் சாப்பாடு கொடுக்க வேண்டும் என்று உடனே கிளம்பிவிட்டார்.

சடையாண்டி ஒரு திராட்சையை வாயில் போட்டு மென்றார். கொட்டையை உள்ளங்கையில் துப்பி வைத்துக்கொண்டார். இன்னொன்றை எடுத்தவர் வாயில் போடவில்லை.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"ஒரே பேரு ரெண்டாயிருச்சே."

"அந்த ஒச்சம்மாள் பெரியகுளத்துல இருக்காங்க. இந்த ஒச்சம்மாள் இங்க இருக்காங்க."

"அது சரி. பள்ளிக்கூடம் லீவு விட்டா அந்தப் பாப்பா இங்க வரும்ல? ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருப்பாங்க. வாசல்ல நின்னு யாராச்சும் ‘ஒச்சம்மா’ன்னு கூப்பிட்டா?"

மின்னல்கொடி முற்றத்தைப் பார்த்தார். கீழ்காட்டு வால்வுக்குக் கீழே கல் காய்ந்து கிடந்தது.

"ரெண்டு பேரும் திரும்பிப் பாப்பாங்க," என்றார். "அப்புறம் அதுல ஒருத்தி, ‘என்னையவா, அவளையா?’ன்னு கேப்பா."